யாழ்ப்பாணத்தில் சிறுவர் தொடர் நாடகம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை நடிக்க வைத்து, வீட்டில் எல்லாரும் சேர்ந்திருந்து பார்க்கக்கூடிய ஒரு தொடர் நாடகத்தை ஆறேழு பேர் கொண்ட குழு எடுக்க முடியுமா? 25 நிமிட இடத்துக்கு 13 பாகம் என்று யோசித்திருக்கிறோம், கமரா கையில் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் 13 பாகத்தைக் கைவிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும்போது ஒரு நாளில் 4 நிமிட நாடகம் தேறினால் அது நல்ல நாள். 25 நிமிட இடத்துக்கு விளம்பரம் போக 22 நிமிடம் வேண்டும். 13 பாகத்துக்கு 286 நிமிடம், அதாவது 70 நாளுக்கு மேல் படப்பிடிப்பு. பாடசாலை 1.30க்கு விடும், பிறகு ரியூசன், ஞாயிறு காலமை அறநெறி வகுப்பு. ஐந்தாம் தரப் பிள்ளையென்றால் புலமைப்பரிசில் முடியும்வரை பெற்றோரிடம் கேட்கவே வேண்டாம். மிஞ்சுவது சனிக்கிழமையும் தவணை விடுமுறையும்தான். இந்தக் கணக்கில் போனால் ஒரு வருடத்துக்கு மேல் இழுபடும். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

வளர்வது என்றால் உயரம் மட்டுமில்லை. முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்து முளைப்பவை. காட்சிகளை வரிசையாக எடுக்கமாட்டீர்கள் என்பதால், படலைக்கு வெளியே பல்லோடு நின்ற பிள்ளை படலைக்கு உள்ளே வரும்போது பல்லில்லாமல் நிற்கும். 12 வயதுக்கு மேல் பெடியன்களுக்குக் குரல் உடையத் தொடங்கும். ஆகவே முக்கிய பாத்திரங்களுக்கு 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை எடுங்கள். 12 நிமிடப்படி 6 பாகம் என்று வையுங்கள். மொத்தம் 72 நிமிடம், 18 நாள். ஒரு விடுமுறையில் 11 நாள், அதன் இரு பக்கமும் 7 சனிக்கிழமைகள். 12 நிமிட நாடகம் தொலைக்காட்சியின் கால்மணி நேர இடத்தில் பொருந்தும், யூடியூப்பிலும் பிள்ளை எழும்பிப் போகாமல் பார்க்கும் நீளம் அது.

எந்த விடுமுறை? ஓகஸ்ட் வேண்டாம். சோளகம் வீசும் காலம் அது, பனையோலைச் சத்தத்தில் ஒரு வசனமும் சுத்தமாகப் பதியாது. நல்லூர் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அதோடு சேர்ந்து வரும். மார்கழியில் மாரிமழை. மாசி தொடக்கம் சித்திரை வரைதான் நல்ல காலம், காய்ச்சலான வெயிலைச் சமாளிக்கத் தெரிந்திருந்தால்.

இனிக் கதை. சிறுவர் நாடகம் என்ற பெயரில் எங்களிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் உடைகின்றன. பிள்ளைக்குப் பிரச்சினை வரும், ஒரு பெரியவர் வந்து தீர்த்து வைப்பார், கடைசி இரண்டு நிமிடத்தில் ரீச்சரோ தாத்தாவோ அறிவுரை சொல்லுவார். பார்க்கிற பிள்ளை அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டி அடுத்ததைத் தேடும். அதைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்கக் கேட்கிற அறிவுரைதானே. பிரச்சினையைத் தீர்க்கும் செயல் பிள்ளையின் கையிலேயே இருக்கவேண்டும். பெரியவர் உதவலாம், குறுக்கே நிற்கலாம், தானும் பிழை விடலாம். தீர்த்து வைக்கக்கூடாது. எழுதி முடித்த பிரதியில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கதை விளங்கினால் அந்தப் பக்கம் தேவையில்லாதது. விளங்காவிட்டால் பிழை முன்பக்கங்களில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

பிரச்சினை சின்னதாக இருக்கலாம், பிள்ளைக்கு அது பெரியதாக இருந்தால் போதும். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1987இல் ஒரு முழுநீளப் படத்தையே ஒரு கொப்பியில் நிறுத்தினார். வகுப்புத் தோழனின் கொப்பி தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டது, நாளைக்கு அதில் வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் தோழனைப் பாடசாலையால் நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் கதை. அதில் மூன்று விஷயம் இருப்பதைக் கவனியுங்கள்: பிள்ளைக்கு ஒன்று வேண்டும், ஒன்று தடுக்கிறது, நேரம் ஓடுகிறது. 12 நிமிடப் பாகம் ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் முதல் 90 வினாடிக்குள் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடவேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம். 10 வயதுத் தங்கச்சி, அண்ணாவின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், பின்சில்லு காற்றுப்போய், உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அண்ணா 6 மணிக்கு ரியூசனுக்குப் போக அந்தச் சைக்கிள் வேண்டும். போட்டிக்கு எழுதுகிற பழக்கத்தில் இருப்பவர் இப்படி எழுதுவார்: “அண்ணா, உங்களிடம் கேட்காமல் சைக்கிளை எடுத்தது என்னுடைய தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்.” இதில் நடிக்க எதுவுமில்லை, பார்ப்பவர் ஊகிக்கவும் எதுவுமில்லை. இதையே இப்படி எழுதலாம். மதிலோடு சைக்கிள். பின்சில்லுக்கு முன்னால் தங்கச்சி, பாவாடையை விரித்தபடி. அண்ணா படலையைத் திறக்கிறான்.

“என்ன இதில நிக்கிறாய்?”

“சும்மா.”

“விலத்து.”

“அம்மா உங்களைக் கூப்பிட்டவ.”

“அம்மா சந்தைக்கெல்லோ போனவ.”

அவள் வாய் திறக்கவில்லை. பாவாடையை மட்டும் இன்னும் கொஞ்சம் விரிக்கிறாள்.

பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் பாவாடை சொல்லிவிடும். பொய் பிழை என்று யாரும் சொல்லவேண்டிய தேவை வராது. வசனத்தை எழுதிய பிறகு, அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கதையை மட்டும் சொல்லி “நீங்களெண்டால் என்ன சொல்லுவியள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் வசனத்தில் பாதி நீளம் இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழிலேயே வையுங்கள். கனடாவிலோ பிரான்சிலோ வளரும் எங்கள் பிள்ளைக்கு அது அம்மம்மாவின் பேச்சாகக் காதில் விழும். தென்னிந்தியத் தொடர்களின் பேச்சைப் பிள்ளையின் வாயில் வைத்தால் இரண்டு கரையிலும் ஒட்டாது.

குடும்பத்தோடு பார்ப்பது என்பது பெரியவர்களுக்கும் அங்கே ஒரு கதை இருப்பது. அப்பா வெளிநாட்டில், வீடியோ அழைப்பில் மட்டும் வருகிறார் என்றால், அந்த அழைப்பின்போது அம்மாவின் முகத்தில் என்ன ஓடுகிறது என்பது தாய்மாருக்குப் புரியும், பிள்ளைக்குப் புரியாமல் போனாலும் கதை நிற்காது. பாகத்தின் நேரத்தில் கால்பங்கு இதற்குப் போதும். பெரியவர்களை முட்டாளாக்கிச் சிரிப்பு மூட்டவேண்டாம். அப்பா அம்மாவை அப்படிக் காட்டினால் பக்கத்தில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கே சங்கடம். பின்னோக்கிப் போகும் காட்சிகளைத் தவிருங்கள், 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட தம்பி தங்கச்சிமார் அங்கே வழி தவறிவிடுவார்கள். போரும் இழப்பும் வரலாம். எங்கள் வீடுகளில் இருப்பதை மறைத்துக் கதை சொல்லமுடியாது. ஆனால் பயத்தின் உச்சத்தில் ஒரு பாகத்தை முடித்து அடுத்த கிழமை வரை பிள்ளையைத் தொங்கவிடாதீர்கள். அந்தப் பயம் அதே பாகத்துக்குள் ஆறவேண்டும்.

நடிகர் தெரிவில்தான் நாடகத்தின் பாதி இருக்கிறது. தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு முதலிடம் பெற்ற பிள்ளையைத்தான் அதிபர் முதலில் அனுப்புவார். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் மண்டபத்தின் கடைசி வாங்குக்குக் கேட்கப் பழகிய குரல், அரை மீற்றரில் இருக்கிற மைக்குக்கு முன்னால் பொய்யாகிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கழற்ற மாதக்கணக்காகும். எனவே வசனம் ஒப்புவிக்கச் சொல்லித் தெரிவு செய்யாதீர்கள். இரண்டு இரண்டு பேராக விட்டு, ஒருவர் மற்றவருக்குத் தனக்குத் தெரிந்த ஒரு விளையாட்டின் விதிகளை விளக்கட்டும். பேசுகிற பிள்ளையைப் பார்க்காமல் கேட்கிற பிள்ளையைப் பாருங்கள். கண்ணை எடுக்காமல் கேட்டு, விளங்காத இடத்தில் முகம் மாறி, இடையில் மறித்துக் கேள்வி கேட்கிற பிள்ளைதான் கமராவுக்கு முன்னால் உயிரோடு இருக்கும். நாலு முக்கிய பாத்திரத்துக்கு 60 பிள்ளைகளையாவது பார்க்கவேண்டும்.

தெரிவு முடிந்ததும் படப்பிடிப்புக்கு முன் 8 பயிற்சி நாள்கள், நாளுக்கு 2 மணித்தியாலம். கனடாவின் ‘டிகிராசி’ தொடர்கள் 1980களில் தொழில்முறை நடிகர்களைத் தேடாமல் அதே வயதுப் பாடசாலைப் பிள்ளைகளை எடுத்துப் பட்டறை வைத்துப் பழக்கிய முறை இதுதான். எங்களுக்கு ஆள்பஞ்சமும் இல்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் வளர்த்தெடுத்த சிறுவர் அரங்கின் விளையாட்டுகளும், நாடகமும் அரங்கியலும் படித்து வந்த ஆசிரியர்களும் கிட்டவே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சம்பளம் கொடுத்து எடுங்கள். அவர் விளையாட்டுகளைக் கொண்டுவரட்டும், மேடைக் குரலைக் கொண்டுவரவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரதியைப் பிள்ளைகளின் கையில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் ரியூசன் பாடம்போல அம்மா இருத்திப் பாடமாக்குவிப்பா, அடுத்த நாள் ஒவ்வொரு சொல்லும் ஒரே தாளத்தில் வரும். கதையைச் சொல்லுங்கள், காட்சி நடக்கும் இடத்தில் வைத்து வசனத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

நேரக் கட்டுப்பாட்டை நீங்களாகவே கடுமையாக வையுங்கள். இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் நல்ல அளவுகோல். 5 முதல் 8 வயதுப் பிள்ளை படப்பிடிப்பு இடத்தில் 8 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அதில் நடிப்பு 3 மணித்தியாலம் மட்டும். 9 வயதிலிருந்து, இடத்தில் இருப்பது 9½ மணித்தியாலம், நடிப்பு 5. 12 பிள்ளைக்கு ஒரு பாதுகாவலராவது இருக்கவேண்டும். யாழ்ப்பாண வெயிலுக்கு அந்த 9½ கூடுதல். காலமை 6.30 முதல் 10.30 வரை, பிறகு வீட்டில் சாப்பாடும் நித்திரையும், பின்னேரம் 3.30 முதல் 5.30 வரை என்று பிரித்தால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், பிள்ளையும் களைக்காது. பாதுகாவலர் குழுவில் வேறு வேலை செய்யாதவராக இருக்கவேண்டும், ‘போதும்’ என்று நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். பெற்றோர் கமராவுக்குப் பின்னால் நிற்கவேண்டாம், பிள்ளை ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகத்தைப் பார்க்கும். அடுத்த அறையில் இருக்கட்டும்.

இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதனால் பிள்ளைகளோடு எதையும் தொடங்கும் முன் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் விசாரித்து, எழுத்தில் பதில் எடுங்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். பாடசாலைக்குள் எடுப்பதென்றால் அதிபரோடு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, கோட்டைக்குள் எடுப்பதென்றால் தொல்லியல் திணைக்களம், ட்ரோன் என்றால் சிவில் விமான சேவை அதிகாரசபை. பிள்ளைக்கான கொடுப்பனவைப் பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் இடுங்கள். வாய்ப்புக் கொடுத்ததே சம்பளம் என்று சொல்லும் வழக்கம் நிற்கவேண்டும்.

கமரா விஷயத்தில் சில எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் படும் நேரம்) 1/50 வினாடி. கைபேசியில் எடுத்தால் அது தானாக 30 பிரேமில் நிற்கும், குசினி பல்பின் கீழே படம் துடிக்கும். கைமுறை அமைப்புள்ள செயலியில் இரண்டையும் பூட்டுங்கள். நடுவெயிலில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 100இல் 1/50 வைத்தால் லென்ஸின் துவாரம் எப்/22 என்ற மிகச் சிறிய அளவுக்குப் போகவேண்டிவரும். பின்னணியை மங்கலாக்க எப்/4 வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன்னால் 5 ஸ்டொப் குறைக்கும் என்டி என்ற கறுப்புக் கண்ணாடி தேவை, ஒவ்வொரு ஸ்டொப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் லொக் முறையில் ஐஎஸ்ஓ 800இல் எடுப்பவருக்கு 8 ஸ்டொப். முக்காலியைப் பெரியவர் உயரத்துக்கு இழுக்காதீர்கள். 10 வயதுப் பிள்ளையின் கண் ஏறத்தாழ 120 சென்றிமீற்றரில் இருக்கும், லென்ஸும் அங்கேயே இருக்கவேண்டும். பெரியவர்களை அந்த உயரத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போதுதான் கதை யாருடையது என்று தெரியும். இரண்டாவது கமரா ஒன்று இரவல் கிடைத்தால், இரண்டு பிள்ளைகள் பேசும் காட்சியில் ஆளுக்கொன்றாக ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். பிள்ளை ஒரே வசனத்தை இரண்டு தடவை ஒரே மாதிரிச் சொல்லாது. ஒத்திகையையும் பதியுங்கள். நாலாவது தடவைக்குப் பிறகு பிள்ளை தன்னையே பார்த்து நடிக்கத் தொடங்கிவிடும். அப்போது காட்சியை விட்டு வேறொன்றுக்குப் போவது நல்லது. பெரியவரும் பிள்ளையும் வரும் காட்சியில் பிள்ளையின் பக்கத்தை முதலில் எடுத்து முடியுங்கள்.

வெள்ளைச் சீருடைதான் இங்கே பெரிய தலையிடி. முகத்துக்கு வெளிச்சம் சரியாக வைத்தால் சட்டை எரிந்து வெறும் வெள்ளையாகும், சட்டைக்கு வைத்தால் முகம் இருளும். பழைய சினிமாக்காரரின் வைத்தியம் தேயிலைச் சாயம். ஒரு வாளி சுடுதண்ணியில் மெல்லிய பிளேன் ரீ நிறத்துக்குச் சாயம் இறக்கி, தேயிலையை வடித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளின் சீருடைகளையும் நனைத்து ஒரே வாளியில் ஒன்றாக 3 முதல் 5 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். கண்ணுக்குப் பழுப்படைந்த வெள்ளையாகத் தெரியும், கமராவில் வெள்ளையாகவே இருக்கும். தனித்தனியாக நனைத்தால் ஆளுக்கொரு நிறம் வரும். முதலில் ஒரு பழைய துணியில் பாருங்கள். அதன் பிறகு துவைக்கும்போது நீலம் போடவேண்டாம் என்று அம்மாமாருக்குச் சொல்லுங்கள், அல்லது சீருடைகளைக் குழுவே வைத்துத் துவைக்கட்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று சோடி வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் திருப்ப வெள்ளை ரிஜிபோம் பலகை போதும்.

காசு மிஞ்சினால் ஒலிக்குச் செலவழியுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் வீட்டில் பொறுப்பார்கள், பேச்சு விளங்காவிட்டால் மாற்றிவிடுவார்கள். திசைமைக்கைக் கோலில் கட்டி, பிள்ளையின் தலைக்கு மேல் அரை மீற்றருக்குள், வாயை நோக்கிச் சரித்துப் பிடிக்கவேண்டும். சட்டையில் குத்தும் மைக் சீருடைக் கழுத்துப்பட்டியில் உரசும். வேறு வழியில்லாவிட்டால் கழுத்து மடிப்புக்கு உள்ளே மருந்துக்கடை ஒட்டுப்பட்டியால் துணியோடு இறுக்கி ஒட்டுங்கள். சீமெந்துத் தட்டு வீடுகள் எதிரொலிக்கும், ஓட்டு வீடு கிடைத்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கமரா பார்க்காத சுவர்களில் மெத்தையும் கனத்த போர்வையும் தொங்கவிடுங்கள். படப்பிடிப்பு நாள்களைக் குறிக்கும் முன் சுற்றுவட்டாரக் கோயில்களின் திருவிழா நாள்களைப் பரிபாலன சபைகளிடம் கேளுங்கள், ஒலிபெருக்கியோடு போட்டியிட முடியாது. பக்கத்துத் தோட்டத்துத் தண்ணி மோட்டர் எத்தனை மணிக்கு ஓடும், பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ எத்தனை மணிக்கு ஒழுங்கைக்குள் வரும் என்பதெல்லாம் அட்டவணையில் இருக்கவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் அசையாமல் 30 வினாடி வெறும் சூழல் ஒலியைப் பதியுங்கள். சத்தத்தில் கெட்டுப்போன வசனத்தை, அந்த இடத்திலேயே, பிள்ளைக்கு அந்த உணர்வு ஆறும் முன், கமரா இல்லாமல் ஒலியை மட்டும் மறுபடி பதியுங்கள். இரண்டு மாதம் கழித்து அறைக்குள் இருத்தி டப்பிங் செய்தால் பிள்ளை வாசிப்பது போலத்தான் பேசும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்க முடியாது. எங்கள் வளவுகளில் கிணறு இருக்கிறது, பல கட்டுகள் பிள்ளையின் இடுப்பளவுதான். கிணற்றுக் கட்டில் ஏறுவது, எட்டிப் பார்ப்பது, அங்கே ஒளிப்பது எதையும் கதையில் வைக்காதீர்கள். பார்க்கிற பிள்ளை வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்து சிறுவர் நிகழ்ச்சியில் வரக்கூடாது என்பது பிரித்தானிய ஒளிபரப்பு விதியிலும் இருக்கிறது. மற்றது கைவிடப்பட்ட வளவுகளும் இடிந்த வீடுகளும். படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடம் என்று உறுதியாகத் தெரியாமல் உள்ளே போகாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து இரும்புச் சாமான் எடுத்து விளையாடும் காட்சி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

முதல் படத்தொகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குப் போட்டுப் பாருங்கள், நடித்தவர்களுக்கும் உறவுக்காரருக்கும் வேண்டாம். ‘நல்லாயிருந்ததா’ என்று கேட்டால் ‘ஓம்’ என்றுதான் வரும். அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சித் தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969இல் தொடங்கிய காலத்தில் அதன் ஆய்வாளர் எட்வர்ட் பாமர் ஒரு முறை வைத்திருந்தார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் 7.5 வினாடிக்கொரு தடவை படம் மாறிக்கொண்டிருக்கும், பிள்ளையின் கண் எந்த நேரத்தில் அங்கே திரும்புகிறது என்று குறிப்பார்கள். கைபேசியில் படங்களைத் தானாக மாறவிட்டு அதை நீங்களும் செய்யலாம். ஒரு தடவைக்கு ஒரு பிள்ளை, எல்லாமாக 10, 12 பிள்ளைகள். பாதிப் பிள்ளைகளின் கண் ஒரே இடத்தில் திரும்பினால் அந்த இடத்தை வெட்டுங்கள், எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததாக இருந்தாலும். அடுத்த நாள் அதே பிள்ளைகளிடம் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். காரணத்தை மாற்றிச் சொல்லும் இடங்களில் ஒரு காட்சி குறைகிறது என்று பொருள்.

இசைக்குச் சினிமாப் பாட்டைத் தொடவேண்டாம், உரிமைக் கோரலில் வருமானம் போய்விடும். உள்ளூர்க் கலைஞர் ஒருவரிடம் இரண்டு மூன்று சின்னத் துண்டுகள் எழுதி வாங்குங்கள். தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் பிரதியின் ஒலியளவை நிலையத்திடம் கேளுங்கள், ஐரோப்பிய நியமம் –23 எல்யூஎப்எஸ் (ஒலியளவின் அலகு). யூடியூப் –14 அளவுக்குக் குறைத்துவிடும். யூடியூப்பில் ‘சிறுவருக்கானது’ என்று குறித்தால் பின்னூட்டமும் ஆளுக்கேற்ற விளம்பரமும் 2020 முதல் நின்றுவிடும், வருமானம் குறையும். அதற்காகப் பொய்யாகக் குறிக்காதீர்கள். பின்னூட்டம் இல்லாமலிருப்பது நடித்த பிள்ளைகளுக்கும் நல்லதுதான். எழுத்தோட்டத்தில் பிள்ளைகளின் முதற்பெயர் மட்டும் போதும். பாடசாலைப் பெயரும் ஊரும் வேண்டாம், சீருடையில் உண்மையான பாடசாலைச் சின்னமும் வேண்டாம். யாராவது பிள்ளைகளைத் தேடித் தொடர்புகொள்ளத் தொடங்கினால் பெற்றோருக்குச் சொல்லுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.